பெட்டிக்குள் வராத சத்தம்

அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டோரம் எனக்கு ஒரு தையல் கடை இருந்தது. பகலில் மிஷின் மிதிப்பேன். முகூர்த்த நாட்களிலும் திருவிழாக் காலங்களிலும் எங்கள் ஊர் இன்னிசைக் குழுவில் டிரம் வாசிப்பேன். ரெண்டுக்கும் கால் ஒன்றுதானே என்று குழுவை நடத்தியவர் கேலி செய்வார். அவர் ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரர், அக்கார்டியன் வாசிப்பவர். அறுபதுகளின் நடுவில், விருதுநகரில் கலைந்துபோன ஒரு சர்க்கஸிலிருந்து அந்த டிரம் செட்டை வாங்கி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பாலவனத்தத்தில் வண்டியை மறித்து இது என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் பெரிய டிரம்மை ஒரு தட்டு தட்டிக் காட்டினாராம். கேட்டவர்கள் ஓரடி பின்னால் போய்விட்டார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பெரிய டிரம்மின் சத்தத்தைச் சொல்வது கடினம். இரண்டு பக்கமும் கன்றுத்தோல். எங்கள் ஊரின் காய்ந்த காற்றில் அது எப்போதும் விறைப்பாகவே நிற்கும். பெடலை மிதித்தால் அடிவயிற்றில் ஒரு குத்து விழும். காதுக்கு அதற்குப் பிறகுதான் தெரியும் என்று தோன்றும். வீட்டில் பழகும்போது அலமாரியில் தம்ளர்கள் நடுங்கி ஒன்றோடொன்று உரசும். மல்லாங்கிணற்றிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த என் மனைவி முதலில் பயந்தாள், பிறகு திட்டினாள், அதற்கும் பிறகு எந்தப் பாட்டுக்கு எப்படி வாசிக்கிறேன் என்று எனக்கே சொல்லத் தொடங்கினாள். அவள் சர்ச்சில் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவள். காது கூர்மை. குழந்தை தொட்டிலில் புரள்வது அடுப்படியில் இருக்கும் அவளுக்குக் கேட்டுவிடும்.

மகள் பிறந்த மறு வருஷம் மனைவிக்கு இருமல் கண்டது. சளியில் ரத்தம் வந்தபோது மதுரைக்குக் கூட்டிப்போனேன். டி.பி. என்றார்கள். மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். இந்த மருந்து சிலருக்குக் காதைப் பாதிக்கும் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொன்னார். வேறு வழி இருக்கிறதா என்று கேட்டேன்.

"உயிரா காதான்னு வந்தா உயிரத்தான பாக்கணும்" என்றார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது.

இருமல் நின்றது. உடம்பு தேறியது. ஆனால் நடக்கும்போது லேசாகத் தள்ளாடினாள். இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவாள். காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்றாள். அந்தச் சில்வண்டு எல்லாவற்றையும் மூடிக்கொண்டே வந்தது. முதலில் குருவிச் சத்தம் போனது. பிறகு மில் சங்கு. மகள் அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தாள். குழந்தையின் கீச்சுக் குரல் அவளுக்கு எட்டவே இல்லை. குழந்தை "அம்மா, அம்மா" என்று முதுகுப்பக்கம் நின்று கூப்பிட்டுக்கொண்டிருப்பாள்; இவள் பாட்டுக்கு மாவு சலித்துக்கொண்டிருப்பாள். கடைசியில் குழந்தை சேலையைப் பிடித்து இழுக்கப் பழகிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்ததில்லை.

ஒரு கோடையில், தோலைக் கழற்றி மாற்றிக் கட்டிவிட்டு, சரியாக இறுகியிருக்கிறதா என்று பெரிய டிரம்மை ஒரு மிதி மிதித்தேன். அவள் பின்கட்டில் எனக்கு முதுகைக் காட்டிப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். சட்டென்று திரும்பினாள். நான் மறுபடியும் மிதித்தேன். சாம்பல் கையோடு எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இது கேக்குது" என்றாள்.

காதைத் தொட்டுக் காட்டி, இதிலா என்று கேட்டேன்.

"தெரியலங்க. இங்க கேக்குது" என்று நெஞ்சில் கையை வைத்தாள். சாம்பல் ரவிக்கையில் ஒட்டிக்கொண்டது.

அன்று அடுப்பு எரியாமலே சாயங்காலம் ஆகிவிட்டது. தனக்குத் தெரிந்த பாட்டுகளின் பெயரைச் சொல்வாள், நான் வாசிப்பேன், அவள் உதட்டுக்குள் பாடுவாள். சுதி எங்கோ போயிருந்தது. தாளம் மட்டும் எனக்கும் அவளுக்கும் ஒன்றாகவே விழுந்தது.

அதன் பிறகு பக்கத்து ஊர்க் கச்சேரிகளுக்கெல்லாம் வரத் தொடங்கினாள். பெண்கள் பக்கத்தில், மேடையை ஒட்டி, பெரிய டிரம்முக்கு நேர் எதிரே உட்காருவாள். திருச்சுழியில் சிவன் கோயில் திருவிழாவுக்கு வாசித்தபோதும் வந்தாள். வேதக்காரப் பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று யாரோ கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது, அவளிடம் சொல்லவில்லை.

எழுபது வாக்கில், வத்தல் மண்டி வைத்திருந்த எங்கள் சபை மூப்பர் ஒருவருக்கு, தாம் எழுதிய பாட்டுகளை இசைத்தட்டாகப் போட வேண்டும் என்று ஆசை வந்தது. மெட்ராஸில் ஒரு சின்னக் கம்பெனியை ஏற்பாடு செய்தார். எங்கள் குழுதான் வாசிக்கப் போகிறது என்று முடிவானது. வீட்டில் வந்து கையாலும் உதட்டாலும் சொன்னேன். அவள் கேட்டாள்.

"அப்ப நீங்க வெளியூரு போயிருந்தாலும் வீட்டுல இருந்தே கேக்கலாமா?"

கேட்கலாம் என்று தலையாட்டினேன். அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். வாசிப்பதைத்தானே பிடிக்கிறார்கள், பிடித்தது அப்படியே வரும் என்றுதான் நினைத்தேன்.

ஸ்டூடியோவுக்குள் போனதும் கை தட்டிப் பார்த்தேன். தட்டிய சத்தம் அங்கேயே விழுந்து செத்தது. சுவர் முழுக்கத் திரையும் மெத்தையும். மழைக்காலம் வேறு, மெட்ராஸின் ஈரக் காற்றில் தோல் துவண்டு, பெரிய டிரம் நனைந்த சாக்கைத் தட்டியதுபோல் முனகியது. கண்ணாடி அறைக்குள் இருந்த ஒலிப்பதிவாளர் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. ஒரு பல்பைத் தோலுக்குப் பக்கத்தில் எரியவிட்டுக் காயவைத்துக் கொடுத்தார். தோல் இறுகி, எங்கள் ஊர்ச் சத்தம் கொஞ்சம் திரும்பி வந்தது. ஒரு வரி வாசித்தோம். அவர் வெளியே வந்து, ஒரு கம்பளியை மடித்து டிரம்மை ஒட்டி முட்டுக்கொடுத்தார். இன்னொரு வரி. என்னை மூலைக்குத் தள்ளி முன்னால் தடுப்புத் தட்டி வைத்து மறைத்தார். இன்னொரு வரி. தோலின் மேல் துணியை ஒட்டினார்.

"இன்னும் மெதுவா, அண்ணே. பாட்டுக்காரம்மா குரல் முழுங்கிப்போவுது" என்றார்.

மெதுவாக மிதித்தேன். மிஷினில் மெல்லிய பட்டுத் துணி தைக்கும்போது மிதிப்பதுபோல மிதித்தேன்.

பிடித்ததைக் கண்ணாடி அறையில் போட்டுக் காட்டினார். உண்மையைச் சொன்னால், கேட்க நன்றாக இருந்தது. ஒவ்வொரு அடியும் அளவெடுத்துப் பொத்தான் வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. என் கை இவ்வளவு சுத்தமா என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது. அக்கார்டியன்காரர் என் தோளில் தட்டினார். ஆனால் வயிற்றில் எதுவும் விழவில்லை. அந்தப் பெரிய ஒலிபெருக்கியின் முன்னால் போய் நின்றுகூடப் பார்த்தேன்.

ஒரே ஒரு பாட்டிலாவது கம்பளியை எடுத்துவிடலாமா என்று தயங்கிக் கேட்டேன். ஏன் என்று கேட்டார். மனைவியைப் பற்றிச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு என்னை உட்காரவைத்துப் பேசினார். அந்த அடி அப்படியே தட்டில் ஏறினால் ஊசி பள்ளத்தைவிட்டுக் குதித்துவிடும் என்றும், அதனால் அந்தக் கனத்த சத்தத்தைத் தட்டில் பள்ளம் வெட்டும்போதே குறைத்துவிடுவார்கள் என்றும் விளக்கினார்.

"நான் விட்டாலும் உங்க வூட்டுப் பெட்டியில அது வராது, அண்ணே. அந்தப் பெட்டி சின்னது. நீங்க அடிக்கிறது அதுக்குள்ள கொள்ளாது."

ஊருக்குத் திரும்பும் ரயிலில் எல்லோரும் பாடிக்கொண்டு வந்தார்கள். நானும் தாளம் போட்டேன். வீட்டில் எதையும் சொல்லவில்லை. அவர் சொன்னது தப்பாக இருக்கக்கூடும் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன்.

இசைத்தட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் அக்கார்டியன்காரர் தம் கடையிலிருந்து ரெக்கார்டு பிளேயரை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். தெருவே கூடியது. பக்கத்து வீட்டு நெசவாளர் குடும்பம் தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தது. அவர்கள் தங்களுக்குள் தெலுங்கில் வியந்துகொண்டார்கள். என் மனைவி புதுச்சேலை உடுத்தியிருந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

தட்டு சுற்றியது. ஊசி இறங்கியது. பாட்டு வந்தது, அக்கார்டியன் வந்தது, பின்னாலேயே என் வாசிப்பும் வந்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மகள் நடுவீட்டில் ஆடினாள்.

முதல் சரணம் முடியும்போது மனைவி என்னைப் பார்த்துக் கேட்டாள். காது போனவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது, சத்தமாகவே கேட்டாள்.

"இன்னும் ஆரம்பிக்கலையா?"

ஆரம்பித்துவிட்டது என்று நான் தலையை அசைத்தேன். அவள் கையை நகர்த்தி, பெட்டியின் பக்கவாட்டில் ஒலி வரும் துணியின் மேல் வைத்துப் பார்த்தாள். மறுகையையும் வைத்தாள். பிறகு கூட்டத்தின் முகங்களைப் பார்க்கத் தொடங்கினாள். அவர்கள் சிரித்த இடத்தில் சிரித்தாள், தலையாட்டிய இடத்தில் ஆட்டினாள். தட்டு முடியும்வரை கையை எடுக்கவில்லை.

அக்கார்டியன்காரருக்கு மனசு கேட்கவில்லை. சபையே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையன்று சர்ச்சில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் அந்தத் தட்டைப் போட்டு அவளை அடியிலேயே நிறுத்திப் பார்த்தார். மூன்று கிராமத்துக்குக் கேட்டது. அவளுக்கு, தகரத்தை யாரோ தூரத்தில் சுரண்டுவதுபோல் இருந்ததாம். மதுரையில் ஒரு கடையில் ஆள் உயரப் பெட்டி இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கூட்டிப்போனோம். கடைக்காரர் முகம் கோணாமல் போட்டுக் காட்டினார். அவள் இரண்டு கையையும் வைத்து, கன்னத்தையும் வைத்துப் பார்த்தாள். திரும்பி வரும் பஸ்ஸில், காரியாபட்டி தாண்டும்போது, "பெட்டிய விடுங்க. நீங்கதான் இருக்கீகள்ல" என்றாள்.

நானும் அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் அந்தத் தட்டு எங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்துவிட்டது. கல்யாண வீடுகளில், தட்டில் கேட்டதுபோல் வாசியுங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். பாடுகிற பெண்ணும், அண்ணே உங்க சத்தத்தில என் குரல் எனக்கே கேட்கல, மெட்ராஸில் வாசித்த மாதிரி வாசியுங்கள் என்று கெஞ்சினாள். அவள் சொன்னது நியாயம்தான். அக்கார்டியன்காரர் என்னிடம் வந்து நெடுநேரம் சுற்றி வளைத்துப் பேசினார். கடைசியில் நானே என் கடையின் வெட்டுத்துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டி, பெரிய டிரம்மின் பின்தோலைக் கழற்றி உள்ளே அடைத்தேன்.

அன்று காரியாபட்டியில் ஒரு கல்யாண வரவேற்பு. மனைவி வழக்கம்போல் முன்னால் வந்து உட்கார்ந்தாள். முதல் பாட்டு தொடங்கியதும் அவள் முகத்தைப் பார்த்தேன். என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மிதிக்கிறது, ஆனால் எதுவும் வரவில்லை. எழுந்து மேடைப் பலகையின் ஓரத்தில் கையை வைத்தாள். மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் அவளை நகர்ந்து உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். பாட்டின் நடுவில் துணியை எடுக்க முடியாது. பாட்டு முடிந்தாலும் எடுக்க முடியாது.

கடைசி பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டாள்.

"தோலு கிழிஞ்சிருச்சா?"

இல்லை என்றேன். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துச் சுருட்டிக் காட்டி, உள்ளே அடைத்திருக்கிறது என்று புரியவைத்தேன். ஏன் என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் "சரி" என்று மட்டும் சொன்னாள். அடுத்த கச்சேரிக்குக் கூப்பிட்டபோது பிள்ளைக்குப் பனி ஒத்துக்கொள்ளாது என்றாள். அதற்கடுத்ததற்குக் கால்வலி. பிறகு நான் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மட்டும் துணியை வெளியே எடுத்துவிட்டு, பின்தோலை மாட்டி அவளுக்கு வாசிப்பேன். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்ததால் அதிக நேரம் வாசிக்க முடியாது. அவர்கள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் குழந்தை அலறும் சத்தம் எனக்குக் கேட்கும்.

எழுபதுகளின் பிற்பகுதியில் ஒருநாள் அப்படி வாசித்துக்கொண்டிருந்தேன். அவள் சுவரில் சாய்ந்து முறத்தில் அரிசியில் கல் பொறுக்கியபடி தலையை அசைத்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தி, தைக்கக் கொடுத்த சட்டை என்னாச்சு என்று கேட்டார். நான் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, நாளைக்கு வாங்க என்று பதில் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவள் முறத்தைப் பார்த்தபடி, டிரம் நின்ற பிறகும் அதே நிதானத்தில், இன்னும் தலையை அசைத்துக்கொண்டிருந்தாள்.

நான் அவளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவள் நிமிர்வதற்குள் பெடலை மறுபடியும் மிதித்தேன்.