நரம்பு எழும்பும் நேரம்

ஊசியும் கையுமா கொட்டகை கொட்டகையா அலையற மாட்டு டாக்டர்களே, உங்களுக்குத் தெரியாததா? நரம்பு கிடைச்சா மருந்து உள்ள போகும், கிடைக்கலேன்னா உசுரு வெளிய போகும். ரத்தக்குழாயைத்தான் நம்ம ஊர்ல நரம்புன்றாங்க, எனக்கும் அதே பழகிடுச்சு. ஊசி போடறதுல நான் கெட்டிக்காரி. அதை நானே சொல்லிக்க வெட்கமும் இல்ல.

குட்டியின் கண்ணாமூச்சி

வேங்கிக்கால்ல இருந்து ஒரு அம்மா ஆட்டுக்குட்டியை மடியில போட்டுக்கிட்டு ஆட்டோவுல வந்தாங்க. கழிச்சல் ஜாஸ்தியாகி குட்டிக்குத் தலை தொங்கிடுச்சு. கழுத்துல நரம்பு பளிச்சுனு தெரிஞ்சுது. ஸ்பிரிட் பஞ்சு சில்லுன்னு பட்டு, ஊசி முனை தொட்டதுதான் தாமதம், நரம்பைக் காணோம்! இளசுங்களுக்கு அப்படித்தான், எது பட்டாலும் சட்டுனு சுருங்கிக்கும். வெந்நீர்த் துணியால ஒத்தினேன். சுருங்கின வேகத்துலயே விரிஞ்சுது. குளுக்கோஸ் ஏறினதும் அந்தம்மா சொன்னாங்க: "ஊசின்னா என் பொண்ணு கட்டிலுக்கு அடியில பூந்துக்குவா. இதுக்குக் கட்டில் இல்ல, பாவம், உள்ளயே பூந்துக்குச்சு."

வாட்ச்மேனின் நாய்

கோயில் பக்கத்து லாட்ஜ் வாட்ச்மேன் தன் கிழட்டு நாயைக் கூட்டிட்டு வந்தார். முன்னங்கால்ல நரம்பு கயிறு மாதிரி நின்னுது. ஒரே குத்து, டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்தாச்சு. வழக்கம்போல கொஞ்ச நேரம் பஞ்சை அமுக்கிட்டு விட்டா, குத்தின இடம் கோலிகுண்டாட்டம் வீங்குது! இளசா இருந்தா குத்தினதும் குழாய் சுருங்கி அடைச்சுக்கும். கிழத்துக்கு அந்த விறுவிறுப்பு கம்மி. எனக்கு முகம் சுருங்கிப்போச்சு. மறுபடி அழுத்திப் பிடிச்சேன். வாட்ச்மேன் பஞ்சை வாங்கிக்கிட்டார்: "நீங்க போய் டீ குடிங்க டாக்டரம்மா. நாங்க ரெண்டு பேரும் அவசரப்படற வயசுல இல்ல."

முனியம்மாவின் பசு

பௌர்ணமி அன்னிக்கு அடி அண்ணாமலையில இருந்து முனியம்மா போன்ல அழுதா. முந்தின நாள் கன்னு போட்ட கிழப்பசு படுத்துடுச்சு, எழல. அந்தப் பால்லதான் அவ குடும்பம் ஓடுது. கிரிவலக் கூட்டத்துல வண்டி விடல. பையைத் தூக்கிக்கிட்டு நடந்தே போனேன். பசுவோட காது ஐஸாட்டம் இருந்துது. ரத்தத்துல கால்சியம் இறங்கிப்போச்சு, உடனே நரம்புல ஏத்தணும்.

"ரெண்டே நிமிஷம்"னேன். கழுத்தை அழுத்தினேன், நரம்பு எழும்பல. சுடுதண்ணி ஒத்தடம் குடுத்தேன், அப்பவும் எழும்பல. அதுக்காக அவசரப்பட்டுக் குத்திக் குதறல. முனியம்மா தண்ணி சுட வெச்சுக் கொட்ட, நான் குத்தவெச்சு ஒத்தடம் குடுத்துக்கிட்டே இருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு விரலுக்கடியில மெதுவா எழும்புச்சு பாருங்க, அப்பாடா! நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுக்கிட்டே சொட்டுச் சொட்டா ஏத்தினேன். பசு ஏப்பம் விட்டுது, உடம்பைச் சிலிர்த்துது, முக்கி எழுந்து நின்னு கன்னை நக்குச்சு. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. முனியம்மா மாட்டைக் கும்பிட்டுட்டு, இன்னும் குத்தவெச்சபடியே இருந்த என் பக்கம் திரும்பினா: "அவ எழுந்துட்டா டாக்டரம்மா. நீங்க எப்ப எழுந்திரிக்கப் போறீங்க?"

மாட்டோட வயசைப் பல்லைப் பார்த்தே நான் சொல்லிடுவேன், என் வயசை மட்டும் என் முட்டிதான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கு.