வல்லத்து ஓடையில் ஒரு தாழம்பூ

"அவளுக்குப் பூ வேண்டாம்" என்று நான் இன்று சொல்லவில்லை.

தோழி கமலா மதராசிலிருந்து வந்திருந்தாள். அவள் கணவர் இறந்து எட்டு மாதமாகிறது. செஞ்சிக் கோட்டைக்கு எல்லாரும்தான் போகிறார்கள் என்று, அவளை வல்லத்து ஓடைக்குக் கூட்டிப் போனேன். கரை நெடுகத் தாழம்புதர்.

அங்கே புல்லறுத்துக்கொண்டிருந்த அம்மாள் அரிவாளால் ஒரு பூவை அறுத்தார். முள்ளைச் சீவி, மடலை மடித்துக்கொண்டு கமலாவிடம் வந்தார்.

"இன்னா பாப்பா, இவ்ளோ பூவுக்கு நடுவுல வெறுந்தலையோட நின்னுக்கினு கீறே?"

கமலா பின்வாங்கினாள். "வேணாங்க, நான்..."

"உன் நெத்தியப் பாத்துட்டுதான் வர்றேன். தலைய ஆட்டாத, முள்ளு குத்தப் போவுது."

கமலா என்னைப் பார்த்தாள். நான் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் திண்டிவனத்தில் ரயிலேறும்போதும் மடல் அவள் கொண்டையில் இருந்தது.