கதவு நிலையில் இருந்த கை

பிரேசில் நாட்டுப் பாடகி ஒருவரின் இடது கையை நான் உடைத்தேன். ஒஸ்லோவில், ரொம்சோஸ் குடியிருப்பில் இருந்த ஒரு மண்டபத்தின் இரும்புக் கதவை, அவருடைய விரல்கள் நிலையில் இருப்பதைக் கண்ட பின்பும் இழுத்துச் சாத்தினேன். பொலிசாரிடம் தற்செயல் என்று சொன்னேன். நம்பினார்கள். கண்ணாடி போட்ட பழைய கணித ஆசிரியர், நோர்வேஜிய மொழியைப் பிழையில்லாமல் பேசுகிறவர், பொய் சொல்வார் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

பாடகியைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மகள் சொன்னவைதான். மகள் நகரத்தில் ஒரு கலையரங்கில் வேலை செய்தாள். அந்தப் பாடகி தாமே எழுதி, மெட்டமைத்து, கிட்டார் வாசித்துப் பாடுகிறவர். அவருடைய இளமையில் அந்த நாட்டை இராணுவம் ஆண்டது. அவருடைய பாட்டுகளைத் தடை செய்தார்கள். பிறகு அவரையே பிடித்துக்கொண்டு போய், தலையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி, மூச்சு முட்டும்போது வெளியே இழுத்து, இப்போது பாடு என்றார்களாம். தப்பி ஐரோப்பாவுக்கு வந்து அகதியாக இருந்தார். இராணுவம் போனதும் திரும்பினார். பெரிய அரங்குகள் நிறையும் அளவுக்குப் புகழ் வந்தது. ஆனாலும் நிலமில்லாத குடியானவர்கள் வேலியைப் பிடுங்கிவிட்டுக் குந்தியிருந்த வயல்களுக்குப் போய்ப் பாடினார். ஒருமுறை அங்கே சுட்டார்கள். பக்கத்தில் மேளம் அடித்துக்கொண்டிருந்தவர் அவருடைய காலடியில் விழுந்து செத்தார். அடுத்த கிழமை அதே வயலில் நின்று பாடினார்.

"அப்பா, எங்கடை ஆக்களுக்கும் பாட வேணும் எண்டு அவவே கேட்டவ," என்றாள் மகள்.

ஊரில் போர்நிறுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. இலையுதிர் காலம்தோறும் எங்கள் சங்கம் இறந்தவர்களை நினைவுகூரும். கதிரை, விளக்கு, ஒலிபெருக்கி, ஒழுங்கு எல்லாம் என் பொறுப்பு. எல்லோரும் என்னை மாஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். மேடையில் படங்களை வரிசையாக வைத்து மாலை போடுவோம். யாருடைய படம் வரலாம், யாருடையது வரக்கூடாது என்று தீர்மானித்தவர்களில் நானும் ஒருவன்.

என் மனைவியின் தம்பியின் படம் அங்கே ஒருநாளும் வந்ததில்லை. அவனைக் கொன்றது இராணுவம் இல்லை, எங்கள் இயக்கத்து ஆட்கள். மின்கம்பத்தில் கட்டி, நெற்றியில் சுட்டு, கழுத்தில் துரோகி என்று அட்டை மாட்டிவிட்டுப் போனார்கள். தாய் வாய்விட்டு அழக்கூடாது என்று வாசலில் காவல் போட்டார்கள். அந்தச் செய்தி வந்தபோது நாங்கள் நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் இருந்தோம்; நான் மீன் ஆலையில் வேலை. மனைவி தரையில் விழுந்து கிடந்தாள். நான் மேலே நின்றுகொண்டு, "சும்மா சுடமாட்டாங்கள்," என்றேன். அதற்குப் பிறகு அவனுடைய பெயர் எங்கள் வீட்டில் உச்சரிக்கப்படவில்லை.

பாடகி வந்த அன்றைக்கும் விளக்கேற்றினோம். மௌனமாக நின்றோம். பாடகி இரண்டு பாட்டுப் பாடிவிட்டுக் கிட்டாரை மடியில் சாய்த்தார். தங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு என்றார், மகள் மொழிபெயர்த்தாள். கொல்லப்பட்ட ஒருவரின் பெயரை அவருடைய ஆட்களில் ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும். கூடியிருக்கும் எல்லோரும் சேர்ந்து 'இருக்கிறார்' என்று பதில் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று மகளிடம் கேட்டு, நாலைந்து தரம் சொல்லிப் பழகினார். சனம் சிரித்தது.

முதலில் ஒரு தாய் எழுந்து மகனின் பெயரைச் சொன்னாள். மண்டபம் அதிர்ந்தது. பிறகு இன்னொருவர். பிறகு இன்னொருவர். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அப்போது என் மனைவி எழுந்தாள். தம்பியின் பெயரைத் தகப்பன் பெயரோடு சேர்த்து, தெளிவாகச் சொன்னாள்.

அவனை அறியாதவர் அந்த மண்டபத்தில் இல்லை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாடகிக்கு மட்டும் எதுவும் தெரியாது. ஒலிவாங்கியில் தனியாக, தன் கொச்சைத் தமிழில், "இருக்கிறார்" என்றார்.

"ஆர் இருக்கிறது? துரோகியோ?" என்று ஒருவன் கத்தினான்.

"மாஸ்டர், உங்கடை மனிசியை இருத்துங்கோ! மைக்கை நிப்பாட்டுங்கோ!"

நான் ஒலிவாங்கியை நிறுத்தினேன். பின்னாலிருந்து பறந்து வந்த மடக்குக் கதிரை மனைவியின் நெற்றியில் பட்டது. தோல் பிளந்து கண் முழுக்க இரத்தம். ஒருவன் அவளுடைய கொண்டையைப் பிடித்துத் தரையில் இழுத்தான். தடுக்கப் போன கிழவர் ஒருவருக்கு வயிற்றில் உதை விழுந்தது. படங்கள் சரிந்து கண்ணாடி நொறுங்கியது. அதன்மேல் மிதித்துக்கொண்டு அடிபட்டார்கள். "அப்பா, அம்மாவைப் பாருங்கோ!" என்று மகள் கத்தினாள். பார்த்தேன். பார்த்துவிட்டு மேடைக்கு ஓடினேன். என் பொறுப்பிலுள்ள மண்டபத்தில் என்னை மானங்கெடுத்த அந்த வெள்ளைக்காரியை வெளியே தள்ள வேண்டும் என்பதுதான் என் மனதில் இருந்தது.

மகள் பாடகியைப் பக்கக் கதவால் வெளியே கொண்டுபோனாள். அவர் திரும்பினார். இரத்தத்தோடு கிடந்த என் மனைவியைக் காட்டி, "அந்தப் பெண்ணைக் கொண்டுவாருங்கள்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். உள்ளே வரப் பார்த்தார். இடது கை நிலையைப் பற்றியிருந்தது. நான்கு விரல்களும் எனக்குத் தெரிந்தன. முழுப் பலத்தோடும் சாத்தினேன்.

காய்ந்த பனைமட்டை முறிகிற சத்தம். கத்தியது மகள்தான், அவர் கத்தவில்லை. கதவைத் திறந்தபோது இரண்டு விரல்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு நகம் நிலையில் ஒட்டியிருந்தது.

நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு வந்த மனைவி கேட்டாள்.

"கையைக் கண்டுதானே சாத்தினனீங்கள்?"

"இல்லை. தெரியாமல்."

"அதைப் பொலிசுக்குச் சொல்லுங்கோ. எனக்குச் சொல்லாதேங்கோ."

உடுப்புகளை எடுத்துக்கொண்டு பியோர்ண்டாலில் இருந்த மகளின் வீட்டுக்குப் போனாள்.

பாடகியின் விரல்கள் பிறகு மடங்கவில்லை. நூலகத்தில் அவருடைய இசைத்தட்டுகளையெல்லாம் இரவல் வாங்கி, வீட்டில் தனியாகப் போட்டுக் கேட்டேன். நான் சங்கீதம் தெரிந்தவன் இல்லை. ஆனால் அந்த இடது கை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கக் கேட்க விளங்கியது. குரல் தயங்கும் இடத்தில் அதுதான் பிடித்துக்கொண்டது. அடுத்து வந்த இசைத்தட்டில் கிட்டாரே இல்லை. குரலும் ஒரு மேளமும்தான். கிட்டாரைத் துறந்தது அவருடைய கலையில் பெரிய துணிச்சல் என்று பத்திரிகையில் ஒருவர் புகழ்ந்திருந்தார். உண்மைக் காரணத்தைப் பாடகி எங்கேயும் சொல்லவில்லை.

பொலிசுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். ஒரு இளம் அதிகாரி எழுதிக்கொண்டாள். அந்த விடயம் எப்போதோ முடிந்துவிட்டது என்றாள்.

ஊரில் சனம் கும்பல் கும்பலாகச் செத்து, போர் முடிந்த அந்த ஆண்டில் அவர் மறுபடி ஒஸ்லோவுக்கு வந்தார். நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும் வாசலில் நின்றேன். மகள் அவரோடு வந்தாள். என்னைக் கண்டும் தடுக்கவில்லை.

"அது தற்செயல் இல்லை," என்றேன். "உங்கள் விரல்களைக் கண்டேன். கண்டுதான் சாத்தினேன்."

"தெரியும். உங்கள் முகத்தைப் பார்த்தேன்." கையுறையைப் பல்லால் கடித்து இழுத்து அந்தக் கையில் மாட்டினார். "அந்தப் பெண்ணின் தம்பிக்கு இப்போது பதில் சொல்கிறார்களா?"

"இல்லை."

"அப்படியென்றால் என் கையைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள்," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

அந்த இலையுதிர் காலத்திலும் அதே மண்டபம். செத்தவர்களின் படங்கள் மேடை கொள்ளாமல் சுவரோரமும் இருந்தன. விளக்கேற்றியதும் நான் எழுந்து மைத்துனனின் பெயரைச் சொன்னேன். பிறகு நானே, "இருக்கிறார்" என்றேன்.

"மாஸ்டர், இண்டைக்கு வேண்டாம். இருங்கோ," என்றான் முன்பு எனக்குக் கீழே ஒழுங்கு பார்த்த ஒருவன். அவனுடைய வீட்டிலும் சாவு. கண் சிவந்திருந்தது.

மறுபடி சொன்னேன்.

"கிழட்டு நாயே, இரு எண்டு சொல்லுறன்!"

மோதிரம் போட்ட கையால் வாயில் குத்தினான். முன்பற்கள் தொண்டைக்குள் போயின. விழுந்த பிறகு விலாவில் மிதித்தார்கள். சட்டையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தப் பக்கக் கதவுக்கு வெளியே எறிந்தார்கள். கதவு சாத்தப்படும்போது நான் என் கைகள் இரண்டையும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் மனைவி தொலைபேசியில் கதைத்தாள்.

"பல்லுப் போயிட்டுதாமே?"

"ஓம்."

"தம்பியின்ரை பேரை முழுசாச் சொன்னீங்களோ?"

"ஓம். மாமான்ரை பேரோடை."

"ஒருத்தரும் பதில் சொல்லேல்லையோ?"

"நான் மட்டும்தான்."

"சோத்தைக் குழைய விட்டுச் சாப்பிடுங்கோ," என்றாள். வைத்துவிட்டாள்.

அவள் இன்னும் பியோர்ண்டாலில்தான் இருக்கிறாள்.