சிவப்புப் பட்டை

பாத்திரம் கழுவும் தொட்டியில் இன்று ஒரு தகர மங்குக் கிண்ணம் ஆடியாடி மிதந்ததைப் பார்த்ததும், பினாங்குத் துறைமுகத்தை ஒட்டியிருந்து இப்போது இல்லாமலே போய்விட்ட எங்கள் வரிசைவீட்டு லயமும், அதன் பின்னால் பாசியும் சவர்க்காரமும் மணக்கும் சிமெண்டுத் தொட்டியும், ஏழு வயதில் அங்கே என்னைப் பிடித்த பயமும் திரும்பி வந்தன. அம்மா பிரசவத்துக்காக நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற இருந்தாள். கப்பல் முழுக்க இரும்பு என்று அப்பா சொல்லியிருந்தார். நான் போட்டுப் பார்த்த இரும்பு ஆணியோ தொட்டியின் அடியில் கிடந்தது. மங்கு மட்டும் மிதந்தது. கப்பலில் ஏறும் ஆளுக்கு ஒன்றாக அதில் கூழாங்கற்களைப் போட்டேன். ஒவ்வொரு கல்லுக்கும் விளிம்பு கொஞ்சம் இறங்கியது. வயிற்றுப் பிள்ளையோடு சேர்த்து அம்மாவுக்கு இரண்டு கல் போட்டதும் குபுக்கென்று மூழ்கிவிட்டது.

மறுநாள் துறைமுகத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"ஏறாதம்மா! நீ ரெண்டு பேரு!"

"பெரிய கப்பல்லா இது, பயப்படாத தங்கச்சி" என்று மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர் சிரித்தார். அம்மாவும் சிரித்துக்கொண்டே ஏறினாள்.

கப்பலின் அடிவயிற்றில், தண்ணீருக்குச் சற்று மேலே, ஒரு சிவப்புப் பட்டை தெரிந்தது. மூட்டைகளும் ஆட்களும் ஏற ஏற அது தண்ணீருக்குள் இறங்கிக் குறுகிக்கொண்டே வந்தது. மேலே நின்று அம்மா கையசைத்தாளாம். நான் அவளைப் பார்க்கவில்லை. அந்தப் பட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.