சுஜாவின் வரிக் கற்றாழை

மஹ்ஜபீன் பாலக்கரையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். அங்கே கூட வேலை பார்த்த சுஜா ஸ்ரீரங்கத்தில் தனியாகக் குடியிருந்தவள். இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடும் அளவுக்குப் பழக்கம்.

போன ஏப்ரலில் அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் என்று சுஜா மூன்று மாத லீவில் மதுரைக்குக் கிளம்பினாள். போகும்முன் ஒரு மண்சட்டியை மஹ்ஜபீனிடம் ஒப்படைத்தாள். உள்ளே வெள்ளை வரி போட்ட குட்டைக் கற்றாழை. முதல் சம்பளத்தில் வாங்கியது. வாடகை வீடு மாறும்போதெல்லாம் அவளே மடியில் வைத்துக் கொண்டுபோனது.

"பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணி ஊத்துங்கக்கா. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்."

மஹ்ஜபீனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. தாய்ச்செடியைச் சுற்றி ஐந்து பக்கக்கன்றுகள் முட்டிக்கொண்டு நின்றன. பக்ரீதுக்கு வரும் நாத்தனார்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்கலாமே என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையல் கத்தியால் ஐந்தையும் அறுத்தெடுத்தாள். வெட்டிய இடம் நாலைந்து நாள் நிழலில் காய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. கையோடு நட்டு, வெட்டுப்பட்ட செடியாயிற்றே என்று இரக்கப்பட்டு, தாய்க்கும் கன்றுகளுக்கும் சட்டி நிறையத் தண்ணீர் விட்டாள்.

இரண்டே வாரத்தில் தாய்ச்செடியின் அடி கொழகொழத்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. கன்றுகளில் ஒன்றுதான் பிழைத்தது.

சுஜாவோடு தினமும் போனில் பேசினாள். செடியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ஜூலையில் சுஜா வந்து நின்றபோது, பிழைத்த கன்றை அதே சட்டியில் வைத்து நீட்டினாள்.

"வெயில்ல சுருங்கிடுச்சு சுஜா."

சுஜா சட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "சரிக்கா" என்று வாங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு பேச்சு கடை விஷயத்தோடு நின்றது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த மஹ்ஜபீன், ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறிப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பாத்ததுமே தெரிஞ்சுதுக்கா. செடி போனா போகட்டும். தினம் அம்மாவப் பத்திக் கேட்டீங்க. அதுல இத ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன சொல்லிடப் போறேன்?"

சுஜா காபி போட்டுக் கொடுத்தாள். பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தாள்.

டிசம்பரில் சுஜா தில்லைநகரில் வேறு வேலைக்குப் போய்விட்டாள். பண்டிகை நாட்களில் மஹ்ஜபீன் கூப்பிடுவாள். சுஜா உடனே எடுத்து அன்பாகத்தான் பேசுவாள். ஆனால் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச்சு ஓடுவதில்லை.