கண் மூடாத மீன்

என் இரும்புப் பெட்டியில் தொங்குகிற பித்தளைப் பூட்டு மீன் வடிவத்தில் இருக்கும். செதில்களைத் தனித்தனியாகக் கொத்தியிருப்பார்கள். கட்டைவிரலால் நான் தடவித் தடவி அதன் கண் மட்டும் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. சாவியைத் திருகக் கூடாது. வால் பக்கமாக நுழைத்துத் தள்ள வேண்டும். இந்த அரபு நாட்டில், கராமாப் பகுதியில் உள்ள இந்த ரூமுக்கு வந்த பிறகு அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டால் மேடத்தைப் பற்றிச் சொல்லியிருப்பேன்.

மேடம் சீனாக்காரர். இதே ஊரில், அல் கூஸ் பகுதியில் இருந்த அவருடைய குடோனில் எனக்குப் பேக்கிங் வேலை. பித்தளைத் தட்டு, வெள்ளிப் பெட்டி, செம்புக் குடுவை என்று அவர் ஊரிலிருந்து வரும் சாமான் எல்லாவற்றிலும் ஏதாவது உருவம் இருக்கும். பீச் பழம் என்றால் நீண்ட ஆயுள், வௌவால் என்றால் நல்ல காலம் என்று மேடம்தான் சொல்லித்தந்தார். எங்கள் வீட்டுக்குள் வௌவால் வந்துவிட்டால் அம்மா விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு துரத்துவார். மேடமோ வௌவால்கள் சுற்றிப் பறக்கிற தட்டைத் தன் மேசைக்கு நேர் மேலே மாட்டியிருந்தார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, அந்தப் பாடம் மட்டும் எப்படியோ மண்டையில் ஏறியது.

எனக்குப் பூட்டு விஷயத்தில் ஒரு பயம் உண்டு. ஷட்டரைப் பூட்டிவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்ததும் சந்தேகம் வந்துவிடும். பூட்டினேனா, பூட்டின மாதிரி நினைத்துக்கொண்டேனா? இறங்கி ஓடுவேன். டிரைவர் தஞ்சாவூர்க்காரர். "என்னா மாப்ள, பூட்டுக்குத் தாலி கட்டிட்டியா? வுட்டுட்டு வர மனசே வல்லியே ஒனக்கு" என்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் மேடத்திடமே சொல்லிவிட்டார். கலாஸ், எல்லாம் முடிந்தது, ஊருக்கு டிக்கெட்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மேடம் கைப்பையிலிருந்து இந்த மீனை எடுத்து, பெரிய பூட்டுக்குப் பக்கத்தில் மாட்டினார். அதன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். "மச்லி ஸ்லீப் மாஃபி. யூ கோ, யூ ஸ்லீப்." மீன் தூங்காது, அதற்கு இமை கிடையாது, எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும், அதனால்தான் அவர்கள் பூட்டை மீனாகச் செய்கிறார்களாம். அன்று நான் வேனிலிருந்து இறங்கவில்லை. அதற்குப் பிறகும் இறங்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுபோய் அவருடைய பிளாட்டில் வைக்கச் சொன்னார். அங்கே அவர் தனியாகத்தான் குடியிருந்தார். பெட்டியை இறக்கிவைத்துத் திரும்பும்போது கதவின் உட்புறத்தைப் பார்த்தேன். தாழ்ப்பாளுக்குக் கீழே பெயிண்ட் தேய்ந்து, மீன் அளவுக்கு, மீன் வடிவத்திலேயே ஒரு தடம். பக்கத்தில், கைப்பிடிக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி ஒரு நாற்காலி.

மறுநாள் பூட்டைக் கழற்றிக்கொண்டு போய் நீட்டினேன். "மேடம், யூ டேக். யுவர் டோர், ஐ சீ." அவர் அதைத் திரும்ப என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "நோ நீட். நெக்ஸ்ட் மன்த் ஐ கோ சிஸ்டர் ஹவுஸ். பச்சா, பூடா, மெனி பீப்பிள். மச்லி நோ நீட்." குழந்தைகள், வயசானவர்கள் என்று அக்கா வீடு நிறைய ஆட்களாம். அவர் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. குடோனை மூடப்போகிறார் என்பது எனக்கு வேனில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

இந்த ரூமிலும் ஆட்கள் நிறைய. ஆளுக்கொரு கட்டில், ஆளுக்கொரு திரை, திரைக்குள் ஆளுக்கொரு போன். மேடம் இப்போது கதவைச் சாத்தாமலே தூங்குவார் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு பூட்டை இழுத்துப் பார்த்து, மீனின் கண்ணைத் தடவிவிட்டுப் படுப்பேன். பெட்டிக்குள் இருப்பது நாலு சட்டையும் ஒரு போர்வையும்தான்.