பெரிய போர்வைக்கு ஒரு மெஷின்

தையல் மெஷின் கடையில் அன்றைக்கு நடந்த பேச்சு நாத்தனாருக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. சுருட்டிய பஞ்சுப் போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அண்ணி படியேறியதும் கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்னம்மா, படுக்கையோட வந்திருக்கீங்க? ராத்திரி இங்கதான் தங்கலா?"

"மெஷின் சரியா இருந்தா தங்கிடவேண்டியதுதான்."

அவர் புத்தம் புதிதாக ஒன்றை இழுத்து முன்னால் வைத்தார். "இது பூ போடும், கொடி போடும், காஜா எடுக்கும். பேரைக்கூட எழுதும்."

"போர்வை உள்ள போகுமா?"

அண்ணி போர்வைச் சுருளை ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையில் நுழைத்துப் பார்த்தாள். பாதியிலேயே சிக்கிக்கொண்டது.

"பெரிய போர்வையை நடுவுலருந்து ஓரத்துக்குத் தைக்கணும் ஐயா. பாதிப் போர்வை இந்த இடுக்குல உக்காரணும். உக்காரலேன்னா பூ போட்டு நான் என்ன பண்றது, தலையில வெச்சுக்கவா?"

மூடிப்போன ஒரு துணி ஆலையிலிருந்து வந்த பழைய மெஷின் மூலையில் கிடந்தது. நேர்த்தையல் மட்டும்தான் போடும். ஆனால் அதன் கை நீளம், ஊசிக்கும் தூணுக்கும் நடுவில் இடம் அதிகம். சுருள், பெருச்சாளி வளைக்குள் போவதுபோல வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அண்ணியின் முகத்தைப் பார்த்ததுமே கடைக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"மெஷின் மட்டும்னா உங்க கைக்காசுக்குள்ள அடங்கும். அகல மேசையும் சேர்த்தா அடங்காது. மேசை இல்லேன்னா போர்வை கனத்துல தொங்கி இழுக்கும், தையல் கோணிக்கும். பாத்துக்கங்க."

அண்ணி பர்ஸைத் திறந்தாள், மூடினாள். கூட வந்திருந்த நாத்தனார் சொன்னாள்: "மேசை வேணாம் அண்ணி. நான் தாங்கிக்கறேன்."

"அண்ணியைத் தாங்கற நாத்தனாரை இன்னிக்குத்தான் பாக்கறேன்!" என்று கடைக்காரர் சிரித்தார்.

"வார்த்தை மாறமாட்டியே பாப்பா?" என்று அண்ணி கேட்டாள்.

"மாறமாட்டேன்."

அண்ணிக்குப் பகலில் துணி திருத்தும் கடையில் வேலை. கால்சட்டைகளின் நீளம் குறைத்து, மிஞ்சும் துண்டுகளைப் பைநிறைய வீட்டுக்குக் கொண்டுவருவாள். எதைப் பார்த்தாலும் ஜாண் போட்டு அளப்பாள். பஸ் இருக்கையைக்கூட விட்டதில்லை. உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியபடியே ஊர்க்கதை முழுவதும் பேசுவாள். எப்படி இவள் இன்னும் ஒன்றை விழுங்கவில்லை என்று நாத்தனாருக்கு ஆச்சரியம்.

அந்த மெஷினில் தைத்த முதல் போர்வை நீலத்தில். நாத்தனார் எதிர்ப்புறம் நின்று ஆர்வக்கோளாறில் வெடுக்கென்று இழுத்தாள். ஊசி ஒடிந்தது, தையல் ஓரிடத்தில் வளைந்துபோனது.

"இழுக்காதே, தாங்கு. அது பாட்டுக்கு வரும்."

தூங்கும் குழந்தையை ஏந்துவதுபோல முழங்கைகளில் போர்வையை ஏந்தி, மெஷினின் வேகத்துக்கு அடி வைக்க அவள் பழகிக்கொண்டாள். அதற்குப் பிறகு தைத்தவையெல்லாம் சொல்லிவைத்தவர்களின் வீடுகளுக்குப் போயின. கோணல் விழுந்த நீலம் மட்டும் அண்ணன் அண்ணியின் கட்டிலில் தங்கியது. சனிக்கிழமைகளில் இருவரும் தைத்துக்கொண்டே சிரிப்பதைப் பார்த்து அண்ணன் கேட்பான்: "உங்களுக்கு நடுவுல நான் யாரு? நூல்கண்டா?"

அந்த அண்ணன்தான் வேலை மாற்றலாகிப் போனான். போன இடத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் என்பது பிறகு தெரிந்தது.

அண்ணி அழுது யாரும் பார்க்கவில்லை. குண்டூசி கவ்விய வாய் இப்போது பேசுவதில்லை, அவ்வளவுதான். நாத்தனார் சனிக்கிழமைகளை விடவில்லை. அண்ணன் வழியாக வந்த உறவு அண்ணனோடு போய்விடுமோ என்ற பயம் அவளை உள்ளுக்குள் அரித்தது. போர்வையை ஏந்தி நிற்கும்வரை தனக்கு அந்த வீட்டில் ஓர் இடம் இருக்கிறது என்று நம்பினாள்.

ஒருநாள் அண்ணன் போனில் கூப்பிட்டான். "அந்த நீலப் போர்வையை மட்டும் வாங்கி அனுப்பு. இங்க குளிர் தாங்கல." அவள் போனை வைத்துவிட்டாள். அம்மா விடவில்லை. "கேட்டுத்தான் பாரேன்டி. அவன் செஞ்சது தப்புதான், அதுக்காகக் குளிர்ல கிடக்கட்டும்னு விட முடியுமா?"

சனிக்கிழமை தெருமுனையிலேயே மெஷின் சத்தம் கேட்டது. அவள் இல்லாமல் அண்ணி பெரிய போர்வையைத் தொட்டதே இல்லை. உள்ளே போய்ப் பார்த்தாள். மெஷினை ஒட்டி, அதே உயரத்துக்கு இறக்கிய இஸ்திரிப் பலகை. போர்வை அதன்மேல் படுத்தபடி, ஒருவர் கையும் படாமல், அடி அடியாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. தையல் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில் பலகையின் கால்கள் நின்றன.

"பலகை நல்லாத் தாங்குது," என்றாள் அண்ணி, குத்தலாக இல்லாமல்.

வேறு பேச்சு வராமல் நாத்தனார் வந்த காரியத்தைச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அண்ணி மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"அங்க கட்டில் பெரிசா?"

கேட்டுவிட்டு அண்ணி எழுந்தாள். அலமாரியைத் திறந்து நீலத்தை எடுத்து விரித்தாள். தையல் வளைந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். மூலைக்கு மூலை சேர்த்து மடித்து நாத்தனாரின் கைகளில் வைத்தாள். நாத்தனார் பழகிய வழக்கப்படியே முழங்கைகளில் அதை ஏந்திக்கொண்டாள்.

"வரேன் அண்ணி."

அண்ணி வாசல்வரை கூடவே வந்தாள்.

"ஒண்ணு கேட்டா செய்வியா?"

"சொல்லுங்க அண்ணி."

"அதைத்தான் சொல்ல வந்தேன். நீ எப்ப வேணாலும் வா, சாப்பிடு, தூங்கு, ஒண்ணுமில்ல. வேற என்ன சொல்லி வேணாலும் கூப்பிடு. அண்ணின்னு மட்டும் இனிமே கூப்பிடாதே பாப்பா."